கல்லூரி வாயிலில் தடுக்கப்பட்ட வேட்டி

உடை என்பது அவரவர் விருப்பம் என்று எளிதாகச் சொல்லிவிடுவார் உளர். அஃது உண்மையாயின், உடையைப் பற்றி உலகில் இத்தனை கட்டளைகளும் இத்தனை ஒறுப்புகளும் இத்தனை போராட்டங்களும் எழுந்திருக்க வேண்டுவதில்லை. ஒருவன் இடுப்பில் எதைக் கட்ட வேண்டும், ஒருத்தி தோளில் எதைப் போட வேண்டும் என்று பிறரொருவர் ஆணையிடும்போது, அங்கே பேசப்படுவது துணி மட்டுமா? யார் யாருக்கு அடங்க வேண்டும் என்பதைத் துணியின்மேல் எழுதிக் காட்டுவதே அத்தகைய ஆணைகளின் உள்நோக்கமாகும்.

இதனை விளக்குதற்கு, யாம் 1971 முதல் 1974 வரை பயின்ற ஒரு கிறித்தவக் கல்லூரியின் உடை ஒழுங்குமுறைகளை ஈண்டு நினைவுகூர்கின்றோம். கல்லூரியின் பெயர் வேண்டா. அங்குப் பணியாற்றிய பெருமக்களிடம் எமக்குப் பகையும் இல்லை. அவர்கள் ஊட்டிய கல்விக்கு நன்றியே உண்டு. ஆயினும், நன்றியுணர்வு வாயைக் கட்டிவிடலாகாது. ஐம்பது ஆண்டு கழிந்த பின்னரும் அவ்வொழுங்குமுறைகளை நினைக்குந்தொறும் நெஞ்சில் ஒரு முள் நெருடுகின்றது. அம்முள் எத்தன்மையது என்பதை இதழன்பர்கள் முன் எடுத்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையேடு சொன்னவை

சேர்க்கை நாளன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு சிறு கையேடு தரப்பட்டது. அது முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. பனையேறியின் மகனும், தீப்பெட்டித் தொழிலாளியின் மகனும், ஊர்ப் பள்ளியில் தமிழிலேயே பதினோர் ஆண்டு பயின்று வந்த உழவன் மகனும் அதனைப் பெற்றுக்கொண்டனர். அதைப் படித்துப் பொருளறிய இயலாதவனும் அதன் இறுதிப் பக்கத்தில் கையொப்பமிட்டான். தன்னைக் கட்டும் கயிறு இன்னதென்று அறியாமலே கையை நீட்டிக் கொடுத்தான்.

ஆடவர்க்கு அக்கையேடு வகுத்தவை இவை. வகுப்பறைக்கு முழுக்காற்சட்டையும், கழுத்துப்பட்டியுள்ள சட்டையும் அணிந்து வருதல் வேண்டும். சட்டையைக் காற்சட்டைக்குள் செருகியிருத்தல் வேண்டும். ஞாயிறு வழிபாட்டுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் மூடுகாலணி கட்டாயம். தலைமயிர் சட்டைக் கழுத்தைத் தொடலாகாது. வேட்டியை விடுதி அறைக்குள் மட்டும் உடுக்கலாம். அதனுடன் உணவுக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ வகுப்புக்கோ வரலாகாது. தமிழ் மன்ற விழா நாளில் மட்டும், முன்னரே எழுத்தாற் கேட்டு இசைவு பெற்றோர் வேட்டி உடுத்து வரலாம்.

இவற்றுள் பிறவற்றைப் பொறுத்தாலும் இறுதியில் உள்ளதைப் பொறுத்தல் அரிது. தமிழ்நாட்டில், தமிழ்ப் பிள்ளையொருவன், தமிழ் விழாவுக்குத் தமிழுடை உடுத்து வருதற்கு, ஆங்கிலத்தில் வேண்டுகை மடல் எழுதினான்! அதன் கீழே விடுதிக் காப்பாளர் 'ஒருநாள் மட்டும்' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தருவார். நோயாளிக்கு ஒருநாள் விடுப்புத் தருவதுபோல் தமிழனுக்கு ஒருநாள் தமிழனாய் இருக்க விடுப்புத் தந்தனர்.

அக்காலத்தில் காற்சட்டையின் அடிப்புறம் மணியின் வாய்போல் அகன்றிருத்தல் இளைஞரிடை வழக்காய் இருந்தது. அதுவும் அங்கு விலக்கப்பட்டிருந்தது. ஐயத்துக்கிடமான காற்சட்டையைக் காப்பாளர் அளவுகோல் வைத்து அளந்து பார்ப்பார். மேனாட்டு உடையைக் கட்டாயமாக்கியவர்களே, மேனாட்டு இளைஞர் அவ்வுடையை உடுத்த முறையை ஒழுக்கக்கேடு என்றனர். மேனாட்டில் வழக்கிறந்துபோன துரைமார் உடையே அவர்கட்கு ஒழுக்கத்தின் வடிவமாய்த் தோன்றிற்று. ஆண்டவன் போய்விட்டான், அவன் கழற்றிப் போட்ட சட்டை மட்டும் ஆண்டுகொண்டிருந்தது.

ஒழுங்குமுறையை மீறியவர்க்குத் தண்டத்தொகை உண்டு. அது பெருந்தொகையன்று. ஆயினும், அறுவடைக்குப் பின் தந்தை அனுப்பும் பணத்தைக் கொண்டு ஆண்டு முழுவதும் காலந்தள்ளும் பிள்ளைக்கு ஓர் உருபாவும் சுமைதான். எம்முடன் பயின்ற ஒருவரிடம் ஒரேயொரு முழுக்காற்சட்டைதான் இருந்தது. இரவில் அதைத் துவைத்துக் காயப்போட்டு, விடியற்காலையில் சமையற்கட்டிலிருந்து செம்பில் தணல் வாங்கிவந்து, அச்செம்பினால் தேய்த்து மடிப்பெடுத்து உடுத்து வருவார். மழைக்காலத்தில் அது காயாது. ஈரக் காற்சட்டையுடன் அவர் வகுப்பில் அமர்ந்திருந்ததை யாம் பலநாள் கண்டிருக்கின்றோம். அவருடைய பெட்டியில் அவர் தாயார் கைத்தறிச் சந்தையில் வாங்கித் தந்த இரண்டு வேட்டிகள் வெள்ளை வெளேரென்று மடித்து வைத்தபடி இருந்தன. அவ்வேட்டிகள் தூயவை, உலர்ந்தவை, உடலுக்கும் இந்நாட்டு வெயிலுக்கும் ஏற்றவை. ஆனால், அவை 'ஒழுங்கற்ற உடை'.

தமிழாசிரியரும் தமிழும்

வேட்டியுடன் வகுப்பறைக்குள் நுழையும் உரிமை ஒரே ஒரு சாரார்க்கு இருந்தது. அவர் தமிழாசிரியர். வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் தோளில் மடித்த துண்டுமாக அவர் நடைக்கூடத்தில் வரும்போது, பிற துறை மாணவர் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பர். அறிவியல் கற்பித்தவர் காற்சட்டையில் வந்தார். கணக்குக் கற்பித்தவர் கழுத்துப்பட்டையுடன் வந்தார். தமிழ் கற்பித்தவர் மட்டும் வேட்டியில் வந்தார். இக்காட்சியை நாள்தோறும் கண்ட பதினேழு, பதினெட்டு அகவை இளைஞன் என்ன கற்றிருப்பான்? அறிவுக்கு ஓர் உடை, தமிழுக்கு வேறோர் உடை என்று கற்றான். தமிழ் ஓர் அறைக்குள், ஒரு மணி நேரத்துக்குள், ஓர் ஆசிரியரின் இடுப்புக்குள் அடங்கிவிடும் பொருள் என்று கற்றான். எந்தப் பாடநூலிலும் எழுதப்படாத இப்பாடத்தை எல்லா மாணவரும் தவறாமல் தேர்ந்தனர்.

மொழியைத் தாழ்த்துவோர் அதன் சொற்களை மட்டுமே தாழ்த்துகின்றனர் என்று நாம் எண்ணிவிடுகின்றோம். சொல்லோடு சோறும், சோற்றோடு துணியும் சேர்ந்தே தாழ்த்தப்படுகின்றன. 'வேட்டி' என்னும் சொல்லையே பாருங்கள். அதனை 'வேஷ்டி' எனத் திரித்து எழுதி, அதற்கு வடமொழிப் பிறப்புக் கற்பிப்பார் இன்றும் உளர். வெட்டப்பட்டது வேட்டி, துணிக்கப்பட்டது துணி, துண்டிக்கப்பட்டது துண்டு, அறுக்கப்பட்டது அறுவை. தறியிலிருந்து வெட்டியெடுத்த துணிக்குத் தமிழன் ஒரே கருத்தில் நான்கு பெயர் வைத்தான். தைத்த சட்டையையும் அவன் அறியாதவனல்லன். முல்லைப்பாட்டில் யவனர் அணிந்த சட்டை 'மெய்ப்பை' எனப்படுகின்றது. பிறர் உடையைக் கண்டு, அதற்குத் தன் மொழியில் பெயரிட்டு, அதனை இகழாமலும் அதற்கு அடிமையாகாமலும் வாழ்ந்தவன் பண்டைத் தமிழன். அவன் வழிவந்தவனே கல்லூரி வாயிலில் தன் வேட்டிக்காகத் தடுக்கப்பட்டான்.

பொன்னும் பூவும்

பெண்டிர்க்கு வகுத்தவை இன்னும் மிகுதி. சேலை கட்டாயம், இரவிக்கையின் கை முழங்கையைத் தொட வேண்டும், கூந்தலைப் பின்னிக் கட்ட வேண்டும், வழிபாட்டில் தலைமேல் முக்காடு வேண்டும், பொன் அணிகளும் பட்டும் ஆகா, தலையில் பூச்சூடலாகாது.

இவற்றை ஒரே கோலால் அடித்துவிட யாம் விரும்பவில்லை. பொன்னையும் பட்டையும் விலக்கியதை யாம் பாராட்டுகின்றோம். செல்வர் வீட்டுப் பெண்ணும் கூலிவேலை செய்வோர் வீட்டுப் பெண்ணும் ஒரே விசிப்பலகையில் அமரும் இடத்தில், ஒருத்தியின் கழுத்துச் சங்கிலி மற்றொருத்தியின் தலையைக் குனிய வைக்கலாகாது. காமராசர் ஆட்சிக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகட்குச் சீருடை பரவியதும் இக்கருத்தினாலேயே. திருமணத்தில் பொன்னும் பகட்டும் வேண்டா என்று மேடைதோறும் முழங்கும் நாம், அதையே ஒரு கிறித்தவக் கல்லூரி செய்தால் குறைசொல்லலாமா? ஆகாது.

ஆனால், பூவைப் பொன்னோடு சேர்த்தது எவ்வாறு பொருந்தும்? நிலத்தையே பூவால் பெயரிட்டழைத்த இனம் நம்முடையது. குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் மரஞ்செடிகொடிகளின் பெயராகவும் மக்கள் வாழ்வின் பெயராகவும் விளங்கும் மொழி வேறெங்கு உண்டு? வேலியோரத்தில் காசின்றிப் பூக்கும் முல்லையில் செல்வச்செருக்கு ஏது? பூச்சூடுதல் பிற சமயத்தார் வழக்கம் என்று ஐயுற்றே அதனை விலக்கினர். தமிழர் வழக்கம் எது, ஒரு சமயத்தார் வழக்கம் எது என்று பிரித்தறியாமற்போனதே அங்கு நேர்ந்த பிழை. அப்பிழையினால், ஒரு பெண் கிறித்தவளாய் இருப்பதற்குத் தமிழச்சியாய் இருப்பதைச் சிறிது குறைத்துக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றிற்று.

மறக்கலாகாத மறுபக்கம்

இவ்வளவும் சொல்லிவிட்டு, 'அயலான் உடை ஒழிக, வேட்டி வாழ்க' என்று முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கலாம், உண்மை கிடைக்காது. அக்கல்லூரியில் எம்முடன் பயின்ற வேறொரு நண்பர், சேரியிற் பிறந்தவர், ஒருநாள் எம்மிடம் சொன்னார்: "வேட்டி உன் தாத்தாவுக்குப் பெருமை. என் தாத்தா வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கினால் அடி விழும். தோளில் துண்டு போட்டால் அதை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். இந்தக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தால், நான் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவனுக்கும் தெரியாது. இந்த நிம்மதியை நீ பறிக்காதே."

இச்சொல்லைத் தனித்தமிழ் அன்பர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இது கற்பனைக் குறையன்று, வரலாறு. 1930-ஆம் ஆண்டு திசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஒடுக்கப்பட்ட மக்கள்மேல் எட்டுத் தடைகளைச் சுமத்தினர். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது, ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுக்கலாகாது, சட்டை போடலாகாது, பெண்டிர் மேலுடலை மறைக்கலாகாது, பூச்சூடலாகாது, குடையும் செருப்பும் ஆகா என்பன அவற்றுட் சில. ஆங்கிலேய மாந்தவியலறிஞர் அட்டன் தம் நூலில் இவற்றைப் பதிந்து வைத்துள்ளார். இக்கட்டளையை இட்டவர் வெள்ளையரல்லர், வடவருமல்லர். தமிழ் பேசுவோர், தமிழ் பேசுவோர்க்கு, தமிழிலேயே இட்ட கட்டளை இது. கல்லூரிக் கையேடு பூவை விலக்கியதைச் சினந்து பேசும் நாம், அதே பூவை விலக்கிய இச்சாதிக் கட்டளையை அதனினும் பன்மடங்கு சினந்து பேச வேண்டும். பாட்டி சாதியால் பூவிழந்தாள். பெயர்த்தி கல்லூரியால் பூவிழந்தாள். இரண்டும் ஒரே பூ.

இதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னர்த் தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டப் பகுதியில் நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டத்தை அறியாதார் இரார். அங்கு நாடார் குலப் பெண்டிரும், அவரினும் கீழாக வைக்கப்பட்ட குலப் பெண்டிரும் மார்பை மறைத்து மேலாடை அணியலாகாது என்பது மேற்சாதியார் வழக்கு. கிறித்தவம் தழுவிய பெண்டிர் குப்பாயம் என்னும் சட்டை அணியலாம் என்று, அங்கு ஆங்கிலேயப் பேராளராகவும் திவானாகவும் இருந்த மன்றோ 1810-களில் ஆணையிட்டார். இலண்டனிலிருந்து வந்த சார்லசு மீடு, சார்லசு மால்ட்டு முதலிய சமயத்தொண்டர் அப்பெண்டிர் பக்கம் நின்றனர். 1829-இல் வெளியான அரசாணை, மேற்சாதிப் பெண்டிர்போல் தோள்சீலை அணியும் உரிமையை மீண்டும் மறுத்தது. 1858, 1859-ஆம் ஆண்டுகளில் கலவரம் மூண்டது. கடைத்தெருவில் பெண்டிரின் மேலாடைகள் கிழித்தெறியப்பட்டன. வழிபாட்டு இல்லங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. சென்னை ஆளுநர் சார்லசு திரெவெலியன் வலியுறுத்தியதன்பின், 1859 சூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மன்னர் நாடார் பெண்டிர் மேலாடை அணிய இசைவளித்தார். அப்போதும், மேற்சாதிப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது என்னும் தடை நீங்கவில்லை.

உடையுரிமைக்காக நம் நாட்டிற் குருதி சிந்திய வரலாறு இது. இதில் திருச்சபை எளியோர் பக்கம் நின்றது. இதனை மறைப்பவன் வரலாற்றைத் திருடியவனாவான். எனவேதான் எம் வினா கூர்மையடைகின்றது. மானத்தோடு உடுக்கும் உரிமையை எளியோர்க்குப் பெற்றுத் தந்த அதே திருச்சபை, பிற்காலத்தில் தன் கல்லூரி வாயிலில் அளவுகோலுடன் நின்றது ஏன்? உடுக்க விடு என்று போராடியவர்கள், நான் சொல்வதை உடு என்று ஆணையிட்டது எவ்வாறு? குப்பாயம் அணிந்த பெண், அதனை அணிய விரும்பி அணிந்தாள், அதற்காக அடிபட்டாள். அது அவள் வென்றெடுத்த உடை. கல்லூரிக் காற்சட்டையோ ஏவலால் வந்த உடை. சேரி நண்பர் காற்சட்டையை விரும்பி அணிந்தார். ஈரக் காற்சட்டையுடன் அமர்ந்திருந்தவர் தண்டத்துக்கு அஞ்சி அணிந்தார். துணி ஒன்றே; ஒருவர்க்கு அது விடுதலை, மற்றொருவர்க்குத் தளை. காந்தியடிகள் 1921-ஆம் ஆண்டு மதுரையில் மேற்சட்டையைக் களைந்து அரையாடை பூண்டார். அறிஞர் அம்பேத்கர் மேனாட்டு முழுவுடையைப் பூண்டு நிமிர்ந்து நின்றார். இருவரும் தாமே தேர்ந்த உடையில் நின்றதனால் இருவர் உடைக்கும் பொருள் இருந்தது.

தைக்காத ஆடை

இனி, கிறித்தவ நெறிதான் இத்தகைய கட்டுப்பாட்டை வேண்டுகின்றதா என்று பார்ப்போம். பவுலடியார் மடல்களில் பெண்டிர் பொன்னும் முத்தும் நாடாது அடக்கமாய் உடுக்க வேண்டும் என்னும் அறிவுரை உண்டு. வழிபாட்டில் முக்காடிடுவதைப் பற்றிய பேச்சும் உண்டு. காற்சட்டையைப் பற்றியோ கழுத்துப்பட்டையைப் பற்றியோ மூடுகாலணியைப் பற்றியோ அங்கு ஒரு சொல்லும் இல்லை. ஏசுபெருமான் இருந்த நாட்டில் அவை இருந்ததுமில்லை. அவர் அணிந்திருந்த உள்ளங்கி தையலின்றி மேலிருந்து ஒரே நெய்வாக நெய்யப்பட்டது என்றும், அதனாலேயே அதனைக் கிழிக்காமல் படைவீரர் சீட்டுப்போட்டு எடுத்துக்கொண்டனர் என்றும் யோவான் நற்செய்தி உரைக்கின்றது. தறியிலிருந்து வந்தபடியே தையலின்றி உடுக்கும் ஆடை நம் வேட்டியும் சேலையும் அல்லவோ? தம் ஆண்டவரின் ஆடைக்கு உறவான ஆடையை வாயிலில் தடுத்து, அவர் கண்டும் கேட்டுமிராத ஆடையை அவர் பெயரால் கட்டாயமாக்கினரே, இது முறையாகுமா?

இந்நாட்டுக்கு வந்த சமயத்தொண்டருள்ளும் இதனை உணர்ந்தோர் இருந்தனர். இத்தாலியரான நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்து, அயலுடையைக் களைந்து காவி உடுத்தார். ஆயினும் பார்ப்பனக் கோலத்தை மேற்கொண்டு மேற்சாதியாரை நாடிய அவர் வழி நமக்கு உடன்பாடன்று. அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் நெல்லைச் சீமையின் தோனாவூரில் 1901 முதல் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்தார், சேலையே உடுத்தார். 1921-இல் திருப்பத்தூரில் கிறித்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய ஏசுதாசனும், காட்லாந்து நாட்டவரான பாரசுட்டர் பேட்டனும் கதர் உடுத்தனர். வெள்ளையரான பேட்டன் 1932-இல் சென்னையில் கதருடையுடன் நின்றதற்காக வெள்ளையர் ஆட்சியின் காவலரிடமே அடிபட்டார். ஐரோப்பியர் வேட்டி உடுத்து மண்ணின் மக்களாக முயன்ற அதே நாட்டில், தமிழர் நடத்திய கல்லூரி தமிழரைக் காற்சட்டைக்குள் தள்ளியது. வெள்ளையர் விட்டுச்சென்றதைவிட நம்மவர் பற்றிக்கொண்டதே வலிது.

கிறித்தவம் தமிழுக்குப் பகை என்று எவரேனும் இக்கட்டுரையிலிருந்து பொருள்கொள்வாராயின், அவர்க்கு ஒன்று சொல்லுவோம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டுத் தமிழின் தனித்தன்மையை உலகறியச் செய்த கால்டுவெல் ஒரு கிறித்தவத் தொண்டர். நம் தனித்தமிழ் இயக்கத்தின் பெருந்தூணாகிய மொழிஞாயிறு பாவாணர் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்தவர். உலகத் தமிழாராய்ச்சிக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகள் கத்தோலிக்கக் குரு. கிறித்தவராய் இருந்துகொண்டே முழுத் தமிழராய் இருக்கலாம் என்பதற்கு இம்மூவரினும் வேறு சான்று வேண்டுமோ? எம் குறை சமயத்தின்மேல் அன்று. சமயத்தின் பெயரால் புகுந்த அடிமைப் பழக்கத்தின்மேல்.

இன்றைய நிலை

அந்நாள் கழிந்ததென்று அமைதி கொள்ளவும் வழியில்லை. 2014-ஆம் ஆண்டு சூலையில், சென்னை உயர்முறைமன்ற நடுவர் அரிபரந்தாமன் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியுடன் சென்றபோது, சென்னைச் சேப்பாக்கத்துத் துடுப்பாட்டக் கழக மன்றத்தின் வாயிலில் தடுக்கப்பட்டார். அம்மன்றம் கிறித்தவ மன்றமன்று; அதனை நடத்தியோர் வெள்ளையருமல்லர். விடுதலை பெற்று அறுபத்தேழாம் ஆண்டில், தமிழ்நாட்டின் தலைநகரில், முறை வழங்கும் நடுவர்க்கே இந்நிலையென்றால் பிறர்க்கு என்ன? நாடே கொதித்தெழ, அதே ஆண்டு ஆகத்தில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. வேட்டி உடுத்தியமைக்காகப் பொது இடத்தில் ஒருவரைத் தடுப்போர்க்கு ஓராண்டு வரை சிறையும், 25,000 உருபா வரை தண்டமும் உண்டு என்பது அச்சட்டம். 2019-இல் தமிழ்நாட்டரசு தலைமைச் செயலகப் பணியாளர்க்கு வகுத்த உடைநெறியிலும் ஆடவர் வேட்டி உடுக்கலாம் என்று இடம்பெற்றது.

ஆயினும், மன்றங்களைத் திருத்தப் பிறந்த அச்சட்டத்தின் ஒளி கல்லூரி வாயில்களில் இன்னும் விழவில்லை. முன்பு சில கிறித்தவக் கல்லூரிகளில் இருந்த நோய், இன்று தமிழரே முதலிட்டு நடத்தும் தனியார் பொறியியற் கல்லூரிகள் பலவற்றுக்குப் பரவிவிட்டது. கொளுத்தும் சித்திரை வெயிலில் கழுத்துப்பட்டையும் மூடுகாலணியும் அணிவித்து, அதற்குத் 'தொழில்முறைத் தோற்றம்' என்று பெயரிட்டுள்ளனர். பெண்டிரின் மேல்துண்டு எங்கே செருகப்பட்டது என்று வாயிலில் நின்று பார்ப்பாரும் உளர். அன்று ஆண்டவன் பெயரால் நடந்தது இன்று வேலைவாய்ப்பின் பெயரால் நடக்கின்றது. பெயர் மாறிற்று, அளவுகோல் மாறவில்லை.

வேண்டுவன

நாம் வேண்டுவன அரியவை அல்ல. முதலாவது, எந்தக் கல்லூரியின் ஒழுங்குமுறையும் தமிழில் எழுதப்பட்டு, சேரும் மாணவர்க்குப் படித்துக் காட்டப்படுதல் வேண்டும். பொருள் விளங்காத கட்டளைக்கு அடங்குதல் ஒழுக்கமாகாது, அஃது அச்சம். இரண்டாவது, தூய்மையான வேட்டியும் சேலையும் எந்நாளும் எவ்விடத்தும் தடையின்றி ஏற்கப்படுதல் வேண்டும். ஒருநாள் இசைவுச் சீட்டு இனி வேண்டா. மூன்றாவது, வேட்டியும் கட்டாயமாக்கப்படலாகாது. காற்சட்டையை விரும்புவோர் காற்சட்டை அணியட்டும். நம் உடையைப் பிறர்மேல் திணிக்கும் நாள் வருமாயின், அந்நாளில் நாமும் அளவுகோல் பிடித்த காப்பாளராகிவிடுவோம். நான்காவது, உடையைக் கரணியமாகக் காட்டி எந்த ஏழைப் பிள்ளையிடமும் தண்டம் பெறுதல் ஆகாது. பகட்டை விலக்கும் நெறி இருக்கட்டும். வறுமையை ஒறுக்கும் நெறி ஒழியட்டும்.

அன்பர்களே, வேட்டியைப் பாதுகாப்பது நம் கடன். ஆனால், அதற்குமுன் செய்ய வேண்டிய கடன் ஒன்றுண்டு. வேட்டி எல்லாத் தமிழர்க்கும் ஒத்த பெருமை தரும் உடையாக வேண்டும். தோளில் துண்டு போட்டமைக்காக இந்நாட்டில் எந்த ஊரிலேனும் ஒருவன் அடிபடுவானாயின், அங்கு வேட்டியின் பெருமையைப் பேச நமக்கு வாயில்லை. சாதியின் கையிலிருந்து வேட்டியை மீட்டால், துரைமார் சட்டையின் பிடியிலிருந்து அதனை மீட்பது எளிது. இரண்டனுள் ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்ய முயன்றதே நம் இயக்கத்தின் நெடுநாட் குறை. அக்குறையை நீக்கும் பணியை, வேட்டியை ஏற்காத கல்லூரி வாயிலிலும், துண்டை ஏற்காத ஊர்த் தெருவிலும் ஒருங்கே தொடங்குவோம்.